சுக்கு, மிளகு, திப்பிலியோட மாத்திரையும் சேர்ந்தா ரத்தத்துல என்ன நடக்கும்? திரிகடுகம் பற்றிய எளிய விளக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்ட்' முடிந்து இரவு 8 மணிக்கு மேல் வெளியே வருகிறவர்களுக்கு சுக்கு காபி ஒரு மருந்து மாதிரி. பஞ்சுத் தூசியில் இருமல் என்றால் ஆடாதோடை கஷாயம், சளி என்றால் திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்து ஒரு ஸ்பூன், காய்ச்சல் என்றால் நிலவேம்பு. அதே ஆள் காலையில் சுகர் மாத்திரை, பிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை, சிலர் காசநோய் மாத்திரை என்று ஏதாவது ஒன்றையும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்.

இங்கிலீஷ் மருந்து வேற, நாட்டு மருந்து வேற, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. ஆனால் வாய் வழியாகப் போகிற எல்லாமே ஒரே குடலில் இறங்கி, ஒரே கல்லீரலைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒன்று இன்னொன்றை உள்ளே தள்ளிவிடலாம், வாசலிலேயே நிறுத்தியும் வைக்கலாம். இது இந்தியாவிலேயே 40 ஆண்டுகளுக்கு மேல் ஆராயப்பட்ட விஷயம். அந்த ஆராய்ச்சி தொடங்கியதே நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற பொருட்களில் இருந்துதான்.

மூணு காரம், ஒரு மருந்து

திரிகடுகம் என்றால் மூன்று காரப் பொருட்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம எடை எடுத்து இடித்துச் சலித்தால் அதுதான் திரிகடுகச் சூரணம். பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் எழுதிய நூலுக்கு 'திரிகடுகம்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். ஒவ்வொரு பாட்டிலும் மூன்று கருத்துகள், இந்த மூன்று மருந்துப் பொருட்கள் மாதிரி.

சித்த மருத்துவத்தில் ஒரு பொருளைத் தனியாகக் கொடுப்பது குறைவு. மருந்தோடு துணையாகக் கொடுக்கிற தேன், நெய், பால், வெந்நீர் ஆகியவற்றுக்கு அனுபானம் என்று பெயர். மருந்தை மாற்றாமல் அனுபானத்தை மட்டும் மாற்றி வேறு நோய்க்குக் கொடுக்கிற முறையும் உண்டு. எந்தச் சரக்கு எதோடு சேரும், எதோடு சேராது என்பதற்கு நட்புச் சரக்கு, பகைச் சரக்கு என்று தனிப் பட்டியலே வைத்திருந்தார்கள். அதாவது கூட்டு என்பது மருந்தின் வேலையை மாற்றும் என்று பழைய வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பார்க்கும் கருவி மட்டும்தான் அவர்களிடம் இல்லை.

ஜம்மு ஆய்வகத்தில் எழுந்த கேள்வி

அந்த அளவை எடுத்தவர்கள் ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தினர். இன்றைக்கு அதன் பெயர் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவக் கழகம். 1970-களின் கடைசியில் அங்கே இருந்த விஞ்ஞானி சி.கே. அடல் குழுவினரை ஒரு விஷயம் யோசிக்க வைத்தது. வீட்டு வைத்தியத்துக்கான ஒரு ஆயுர்வேதக் கையேட்டில் இருந்த 370 கூட்டு மருந்துகளில் 210-ல் திரிகடுகமோ அதன் மூன்று பொருட்களில் ஒன்றோ இருந்தது. ஆஸ்துமா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சம்பந்தமே இல்லாத நோய்களுக்கான மருந்துகளில் எல்லாம் இதே மூன்று பொருட்கள் ஏன்?

அவர்களுடைய ஊகம் இதுதான்: திரிகடுகம் நோயைத் தீர்க்கச் சேர்க்கப்படவில்லை, கூட இருக்கிற மருந்தை உடம்புக்குள் சேர்க்கத்தான் சேர்க்கப்படுகிறது. ஆடாதோடையோடு திப்பிலி சேர்ந்தால் வேலை அதிகம் என்று போஸ் என்ற ஆய்வாளர் 1929-லேயே குறிப்பிட்டிருந்தார். நம்ம ஊரில் இருமலுக்கு ஆடாதோடையும் திப்பிலியும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

1981-ல் ஜம்மு குழு முடிவை வெளியிட்டது. ஆடாதோடையில் இருக்கிற முக்கியப் பொருள் வாசிசின். அதைத் திப்பிலியோடு கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு சுமார் 233 சதவீதம் கூடியது. ஸ்பார்டீன் என்ற இன்னொரு பொருளைத் திரிகடுகத்தோடு கொடுத்தபோது 100 சதவீதத்துக்கு மேல் கூடியது. இந்த வேலையைச் செய்கிற முக்கியப் பொருள் மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின். மிளகைக் கடித்தால் சுள்ளென்று ஏறுகிற காரத்துக்குக் காரணமும் அதே பைப்பரின்தான். இப்படி மற்ற மருந்தை ஏற்றி விடுகிற பொருளுக்கு இன்று உலகம் முழுக்க 'பயோ-என்ஹான்ஸர்' என்று பெயர்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். சாயப்பட்டறையில் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது கூடவே உப்பு போடுகிறார்கள். உப்புக்கு நிறம் கிடையாது. ஆனால் உப்பு இல்லாமல் சாயம் துணியில் ஏறாமல் தண்ணியிலேயே நின்றுவிடும். பைப்பரினும் அந்த மாதிரி. தானே மருந்தாக நிற்காமல் இன்னொரு மருந்தை ஏற்றி விடுகிறது. உப்பு அளவு மாறினால் ஷேடு மாறும் என்பதும் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

குடலுக்குள்ள என்ன நடக்குது?

ஒரு மாத்திரையை விழுங்கினால் அதில் இருக்கிற மருந்து முழுசும் ரத்தத்துக்குப் போகாது. குடல் சுவரின் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன். அதன் வேலை கம்பெனி கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வேலை. உள்ளே வரப் பார்க்கிற அந்நியப் பொருளைப் பிடித்துத் திரும்ப குடலுக்கே தள்ளிவிடும். விஷம் எதுவும் சுலபமாக உள்ளே போகக்கூடாது என்பதற்காக உடம்பு வைத்திருக்கிற காவல் இது. அந்தக் காவலுக்கு மாத்திரை எது, விஷம் எது என்று தெரியாது.

அதைத் தாண்டிப் போனாலும் அடுத்து செக்கிங் இருக்கிறது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கிற நொதிகள், அதாவது என்சைம்கள், மருந்தைப் பிடித்து உடைத்து வெளியேற்றத் தயார் செய்யும். இதில் பெரிய ஆள் சைப் 3ஏ4 என்ற நொதி. நாம் சாப்பிடுகிற மாத்திரைகளில் பெரும்பங்கு இதன் கையில் போய்த்தான் வர வேண்டும். ஆக 100 பங்கு மருந்து விழுங்கினால் இந்த ரெண்டு இடத்திலும் கழிவு போக மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற அளவு இந்தக் கழிவையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது.

பைப்பரின் இந்த ரெண்டு பேரையுமே அசர வைக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ஆய்வாளர்கள் இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2002-ல் இதை மனிதச் செல்களில் செய்து காட்டினார்கள். பி-கிளைக்கோபுரோட்டீன், சைப் 3ஏ4 ரெண்டையும் பைப்பரின் தடுக்கிறது. வாட்ச்மேனும் செக்கிங்கும் அசந்தால் வழக்கமாகக் கழிந்து போகிற மருந்தும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

இது நல்லதா கெட்டதா? உள்ளே போகிற மருந்து எது என்பதைப் பொறுத்தது.

மஞ்சள் பாலில் மிளகு போடுறது சும்மா இல்லை

நல்ல பக்கத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம், திருப்பூருக்குப் பக்கத்திலேயே ஈரோட்டில் விளைகிறது. மஞ்சளின் முக்கியப் பொருள் குர்குமின். வாய் வழியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் சேருவது மிக மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் ஆரோக்கியமான ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு அல்லது ரொம்பக் கொஞ்சம்தான் இருந்தது. அதே 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது சேர்மானம் 2000 சதவீதம் கூடியது. எலிகளில் அதே சோதனையில் கூடியது 154 சதவீதம்தான்.

இந்த '2000 சதவீதம்' இப்போது மஞ்சள் மாத்திரை விற்கிற எல்லா டப்பாவிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அளவில் இருந்து 20 மடங்கு என்றாலும் அது இன்னும் சின்ன அளவுதான் என்பதை டப்பா சொல்லாது. சேர்மானம் கூடினால் பலன் மட்டுமே கூடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கிற ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை 2022-ல் வெளியிட்டது. அவர்களில் 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். சோதித்துப் பார்த்த டப்பாக்களில் சிலவற்றில் பைப்பரினும் இருந்தது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிராம் கணக்கில் பிரித்தெடுத்த குர்குமினைத் தினமும் விழுங்குவது பற்றிய எச்சரிக்கை இது.

காசநோய் மாத்திரையில் மிளகுச் சத்து

ஜம்மு ஆய்வின் பெரிய பலன் காசநோய் சிகிச்சையில் வந்தது. கொங்கு வட்டாரத்துக்கு இந்த நோய் புதிதல்ல. திருப்பூர் - ஈரோடு வழியில் பெருந்துறையில் இருந்த காசநோய் சானடோரியத்தின் பெயரால் அந்தப் பகுதியையே இன்னும் சானடோரியம் என்றுதான் சொல்கிறார்கள். இன்றைக்கும் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி வேலை பார்க்கிற ஊரில் இருமலில் பரவுகிற ஒரு நோயை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

காசநோய்க்கு முதுகெலும்பான மருந்து ரிஃபாம்பிசின். நுரையீரல் காசநோயாளிகளுக்குப் பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் அளவு கூடுகிறது என்று 1985-லேயே இந்திய ஆய்வு ஒன்று வந்தது. கடைசியில் 2009-ல் காடிலா பார்மசூட்டிகல்ஸ் நிறுவனம் ஜம்மு ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'ரிசோரின்' என்ற மருந்து சந்தைக்கு வந்தது. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக அதில் இருப்பது 200 மில்லிகிராம்தான். கூடவே 300 மில்லிகிராம் ஐசோனியாசிட், 10 மில்லிகிராம் பைப்பரின். ரிஃபாம்பிசினில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது, அந்த இடத்தைப் பிடித்தது மிளகுக்காரம்!

இதைப் படித்ததும் ஒருத்தருக்குத் தோன்றக்கூடிய யோசனை ஆபத்தானது: 'அப்போ நானும் மிளகு, திப்பிலி சேர்த்துக்கிட்டு மாத்திரையைப் பாதியா குறைச்சுக்கலாமே?' கூடவே கூடாது. அந்த மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் பைப்பரின் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அந்த அளவுக்கு மனிதர்களிடம் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் அனுமதி கொடுத்தார்கள். கடையில் வாங்குகிற சூரணத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. மிளகின் எடையில் சுமார் 5 முதல் 9 சதவீதம் பைப்பரின், அதாவது மிளகுக்கு மிளகு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம் வரும். அரசுத் திட்டத்தில் கொடுக்கிற காசநோய் மாத்திரை உடல் எடைக்கு ஏற்ற அளவு. முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து. அதில் ஒன்றைக் குறைத்தால் சாகாமல் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும். அதே அறையில் படுத்திருக்கிற அடுத்தவருக்கும் அதுதான் தொற்றும்.

முயல்களில் கதை தலைகீழ்

இந்த விஷயத்தில் பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி இனிமேல்தான். தனியாகப் பிரித்தெடுத்த பைப்பரினும், மூன்று பொருளும் சேர்ந்த முழுத் திரிகடுகமும் ஒன்றல்ல.

1998, 1999-ல் இந்திய மருந்தியல் ஆய்வாளர்கள் முயல்களுக்கு முழுத் திரிகடுகத்தைக் கொடுத்து, கூடவே இங்கிலீஷ் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐசோனியாசிட் ரத்தத்தில் குறைந்தது. ரிஃபாம்பிசினின் உச்ச அளவும் குறைந்தது. பைப்பரின் எந்த மருந்தை ஏற்றி விடும் என்று சொன்னோமோ அதே மருந்து! ஆனால் வலி மருந்தான இண்டோமெதாசின் கூடியது. சரி, வலி மருந்துகள் எல்லாம் கூடும் போல என்று நினைத்தால், 2004-ல் வந்த ஆய்வில் அதே குடும்பத்து டைக்ளோஃபினாக் முயல்களின் ரத்தத்தில் குறைந்திருந்தது. இந்தியாவில் இடுப்பு வலி, கழுத்து வலிக்கு மெடிக்கலில் சர்வசாதாரணமாக வாங்குகிற மாத்திரை இது. நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்டால் பெயர் தெரியும்.

ஏன் இப்படி? பைப்பரின் மருந்தை உள்ளே தள்ளினாலும், காரச் சரக்கு மொத்தமாக வயிற்றில் வேறு வேலைகளும் செய்கிறது. வயிறு காலியாகிற வேகம் மாறுகிறது, குடல் அசைவு மாறுகிறது, சூரணத்தில் இருக்கிற நாரும் மற்றப் பொருட்களும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். எந்தக் கை ஓங்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். முயலில் நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் சோதனையில் எலிக்கு 154, மனிதனுக்கு 2000 என்று பார்த்தோமே. ஆகவே 'திரிகடுகம் எல்லா மருந்தையும் ஏத்தி விடும்' என்று யூடியூபில் யாராவது அடித்துச் சொன்னால் அவர் பாதிதான் படித்திருக்கிறார்.

வலிப்பு மாத்திரை போடுறவங்க கொஞ்சம் நில்லுங்க

சில மருந்துகளுக்கு அளவு கொஞ்சம் கூடினாலும் ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்கு நோயைத் தீர்க்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி மெல்லிய நூல்தான். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின் அதில் ஒன்று. ரத்தத்தில் அது ஒரு அளவைத் தாண்டினால் கல்லீரலால் அதே வேகத்தில் வெளியேற்ற முடியாது. அதனால் லேசாகக் கூட்டினாலே அளவு சட்டென்று எகிறும். தலைசுற்றல், பார்வை ரெண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம் எல்லாம் அதன் அறிகுறிகள். கட்டிங் மெஷினிலோ ஓவர்லாக்கிலோ கை வைத்திருக்கிறவருக்கு இது விபத்து வரை போகும்.

பைப்பரினும் ஃபெனிடாயினும் சேர்வது பற்றி இந்தியாவில் 1987 முதலே மனிதர்களிடம் ஆய்வு நடந்திருக்கிறது. 2001-ல் வந்த ஆய்வில் தனி மாத்திரைகூட கிடையாது. மிளகு போட்ட சூப் குடித்த பிறகு ஃபெனிடாயின் கொடுத்தார்கள், அதற்கே ரத்த அளவு கூடியது. 2006-ல் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை, வலிப்பு நோயாளிகளிடமே 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரே ஒரு வேளை கொடுத்து அளவு கூடுவதைக் காட்டியது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற தியோஃபிலின், பிபிக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுக்கிற ப்ரொப்ரனலால் ஆகியவையும் பைப்பரினோடு கூடுவதாக 1991-ல் ஆய்வு வந்திருக்கிறது.

20 மில்லிகிராம் பைப்பரின் என்றால் எவ்வளவு மிளகு? ஒரு கிராம் திரிகடுகச் சூரணத்தில் மிளகின் பங்கு மூன்றில் ஒன்று, சுமார் 333 மில்லிகிராம். அதில் 5 முதல் 9 சதவீதம் என்றால் 17 முதல் 30 மில்லிகிராம் பைப்பரின். திப்பிலியில் இருந்து வருவது இதற்கு மேல். ஆக, கால் ஸ்பூன், அரை ஸ்பூன் என்று தேனில் குழைத்துச் சாப்பிடுகிற சூரணம், ஆய்வகம் சோதித்த அளவிலேயே இருக்கிறது.

அப்போ ரசத்தை நிறுத்தணுமா? வேண்டாம். நீங்கள் தினமும் சாப்பிடுகிற சாப்பாட்டோடு சேர்த்துத்தான் உங்கள் உடம்பில் மருந்து வேலை செய்கிறது, அதைப் பார்த்துத்தான் டாக்டரும் அளவைச் சரி செய்கிறார். பிரச்சினை திடீர் மாற்றத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ரெண்டு வாரம் தினமும் மூன்று வேளை சூரணம், அப்புறம் சட்டென்று நிறுத்தம் என்றால், மாத்திரையின் அளவு மாறாமலேயே ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர்ல என்ன இருக்கு?

டெங்கு காலத்தில் தெருவுக்குத் தெரு கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டுமே இல்லை. 9 சரக்குகள் சேர்ந்தது அது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பர்ப்பாடகம், அவற்றோடு சுக்கும் மிளகும். 2020 கொரோனா நேரத்தில் கம்பெனி வாசலிலேயே அண்டா வைத்துக் கொடுத்த கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். அதில் மிளகு கிடையாது, ஆனால் சுக்கும் திப்பிலியும் உண்டு. பெயரில் தெரியாவிட்டாலும் திரிகடுகத்தின் ஆட்கள் ரெண்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மூன்று நாள், ஐந்து நாள் குடிக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. சத்து டானிக் மாதிரி மாதக்கணக்கில் தினமும் குடித்துக்கொண்டே வேறு மாத்திரையும் போடுகிறவர் யோசிக்க வேண்டும்.

சீன மருத்துவத்திலும் இதே சிந்தனை உண்டு. ஒரு கூட்டு மருந்தில் ஒரு மூலிகை அரசன், இன்னொன்று அமைச்சர், அடுத்தது உதவியாளர், கடைசியில் வழிகாட்டி என்று பொறுப்புப் பிரித்திருப்பார்கள். நம்ம அதிமதுரத்தின் நெருங்கிய சொந்தம் அங்கே பெரும்பாலான கூட்டுகளில் எல்லாரையும் சமாதானப்படுத்துகிற ஆள். நாபி வகையைச் சேர்ந்த கொடிய விஷ வேரைச் சுக்கோடும் அதிமதுரத்தோடும் சேர்த்துக் காய்ச்சுகிற பழைய சீனக் கஷாயம் ஒன்று உண்டு. அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் அந்த விஷத்தோடு ஒட்டிக்கொண்டு, அது ரத்தத்தில் சேருவதைக் குறைக்கிறது என்பது இன்றைய ஆய்வக விளக்கம். இங்கே கூட்டின் வேலை தடுத்து நிறுத்துவது.

அதிமதுரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தினமும் அதிக அளவில் எடுத்தால் அதுவே பிபியை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இது உறிஞ்சுதல் விவகாரம் இல்லை, நேரடி மோதல். ஒரு பக்கம் பிபி மாத்திரை, இன்னொரு பக்கம் தொண்டைக்கு என்று நாள் முழுக்க வாயில் அதிமதுரத் துண்டு என்றால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

11 மணி டீயும் இரும்பு மாத்திரையும்

இத்தனை நேரம் மிளகைப் பேசினோம். ஆனால் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களைத் தினசரி பாதிக்கிற உறிஞ்சுதல் பிரச்சினை டீ கிளாஸில் இருக்கிறது. ரத்தசோகைக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை 11 மணி டீயோடு போட்டால், டீயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே வைத்துவிடும். கடுக்காயிலும் அதே துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது, ஆகவே கடுக்காய்ச் சூரணம், திரிபலா சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரையையும் டீயையும் ஒன்று, ரெண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். எலுமிச்சம் சாறு மாதிரி வைட்டமின் சி இருக்கிற ஒன்றோடு போட்டால் இரும்பு இன்னும் நன்றாக ஏறும்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதே நேரத்தில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் போடக்கூடாது, 4 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இடைவெளி விட்டா போதுமா?

'சூரணத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் கேப் விட்டா ஒண்ணும் ஆகாது' என்பது பரவலான யோசனை. பாதி சரி. ஒட்டிக்கொள்வதால் வருகிற பிரச்சினை, அதாவது டீயும் இரும்பும் மாதிரி, குடலில் ரெண்டும் சந்திக்காவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் பைப்பரின் செய்வது வேறு. அது நொதியையும் கேட்டில் நிற்கிற புரதத்தையும் தடுக்கிறது. நொதி அசந்திருக்கிற நேரம் முழுவதும் உள்ளே வருகிற மருந்துக்குத் தனிச் சலுகைதான். தினமும் சூரணம் சாப்பிடுகிறவருக்கு ஒரு மணி நேர இடைவெளி இதைத் தீர்க்காது.

எதிர்ப் பக்கமும் உண்டு. ரிஃபாம்பிசினே ஒரு பெரிய தலையீட்டாளர். அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி வேகமாக்கும். அதனால் காசநோய் சிகிச்சையில் இருக்கிற பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை நம்பும்படி வேலை செய்யாது, வேறு வழி பார்க்க வேண்டும். நாட்டு மருந்து மட்டும்தான் இன்னொரு மருந்தில் கை வைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள், காசநோய் மாத்திரைகள், இதயத்துக்கான டிகாக்ஸின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுகிற சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் - இந்த வகையில் ஏதாவது ஒன்றை எடுப்பவர்கள் சூரணம், கஷாயம், மஞ்சள் கேப்ஸ்யூல் எதையும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

சுகர் மாத்திரையில் கவலை வேறு மாதிரி. சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய்ச் சாறு எல்லாம் தாங்களே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. மாத்திரையோடு சேர்ந்து இறக்கினால், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வேலை பார்க்கிற ஆளுக்கு லோ சுகர் வரலாம்.

பலர் டாக்டரிடம் நாட்டு மருந்தைச் சொல்லாததற்குக் காரணம், திட்டுவார் என்ற பயம். சில டாக்டர்கள் திட்டவும் செய்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னால்தான் ரத்த அளவைப் பார்த்து மாத்திரையைச் சரி செய்ய முடியும். 'கஷாயம் குடிக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. பாக்கெட்டையே எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன், எத்தனை நாளாக, மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லுங்கள். உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசாவில் இருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் ஊரில் இருந்து கொண்டுவருகிற சூரணங்களுக்கும் இதே விதிதான்.

அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போகும்போதும் இங்கிலீஷ் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். நட்புச் சரக்கு, பகைச் சரக்கு படித்த சித்த மருத்துவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

சூரணமும் மாத்திரையும் சேர்ந்த பிறகு தள்ளாட்டம், கண் மஞ்சள், காரணமில்லாத ரத்தக்கசிவு, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம் என்று ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. காசநோய் சிகிச்சை பற்றிக் கேட்க 1800-11-6666, பொதுவான மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாடு அரசின் 104.